கோல் தூண்டிலில் ஊறிய பெல்லட்: சேலத்து ஏரிகளுக்கு ஒத்துவருமா?

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: நாலரை மீட்டர் நீளத்துக்கு இழுத்து நீட்டுகிற கோல் ஒன்று வாங்கியிருக்கிறார், ரீல் கிடையாது. இங்கிலாந்துக்காரர்கள் வீடியோவில் மெத்தென்ற பெல்லட்டை, அதாவது குளிகை மாதிரியான மீன் தீவனத்தை, முள்ளில் கோத்துக் கெண்டையாகத் தூக்குகிறார்கள். இவர் கடையில் மீன் தீவனம் வாங்கி வந்து போட்டால் அது மிதக்கிறது, ஊற வைத்தால் கரைந்து கூழாகிறது, சலித்துப் போய் மைதா உருண்டைக்குத் திரும்பினால் அதை ஜிலேபி மீன் (திலாப்பியா) கொத்தித் தின்றுவிட்டுப் போய்விடுகிறது. நம் ஊர்ப் பக்கம் இந்த வித்தை வேலைக்கு ஆகுமா, மேட்டூருக்கும் ஏற்காட்டுக்கும் கொண்டுபோகலாமா என்பது கேள்வி.

ஆகும். ஆனால் எல்லாத் தண்ணீரிலும் ஆகாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த வீடியோக்களில் வருகிற குளங்கள் பெரும்பாலும் காசு கட்டி மீன் பிடிக்கிற குளங்கள். வெட்டிய குளம், அதில் நெருக்கமாக விட்ட கெண்டை. வருகிறவர் போகிறவர் எல்லாரும் கொட்டுகிற பெல்லட்டைத் தின்றே வளர்ந்த மீன் அது. பெல்லட் விழுகிற சத்தம் கேட்டாலே சாப்பாட்டு மணி என்று வந்துவிடும். நம் பக்கம் அதே பழக்கம் உள்ள மீன் எங்கே இருக்கிறது என்று யோசித்தால் விடை கிடைத்துவிடும். கம்பெனித் தீவனம் போட்டு வளர்க்கிற பண்ணைக்குட்டை, கட்டணம் வாங்கிக்கொண்டு தூண்டில் போட விடுகிற குளம், இந்த இரண்டிலும் பெல்லட் முதல் நாளே வேலை செய்யும். ஏலம் எடுத்துக் குஞ்சு விட்டிருக்கிற ஊர் ஏரிகளில் குத்தகைதாரர் பெரும்பாலும் கடலைப் புண்ணாக்கும் தவிடும்தான் போடுவார், ஓட்டை போட்ட சாக்கில் கட்டிக் குச்சி நட்டுத் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மீனுக்குப் பழகிய சாப்பாடு புண்ணாக்கு. அங்கே இரை மெத்தென்று இருக்கட்டும், ருசி மட்டும் புண்ணாக்காக இருக்கட்டும். மேட்டூர் அணை மாதிரி பரந்த தண்ணீரில் மீனுக்குப் பெல்லட் என்றால் என்னவென்றே தெரியாது. அங்கே உட்கார்ந்து பழக்கப்படுத்தப் பொறுமை இருந்தால் செய்யலாம், இல்லையென்றால் மண்புழுவே மேல்.

சரி, ஏன் மெத்தென்று இருக்க வேண்டும்? கெண்டை இனத்துக்குத் தாடையில் பல் கிடையாது. பல் இருப்பது தொண்டைக்குள். அதனால் அது கடிப்பதில்லை, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி வாய்க்குள் வைத்துப் பார்க்கும், பிடிக்கவில்லை என்றால் அடுத்த நொடியே துப்பிவிடும். தரையில் கிடக்கிற தீவனம் கொஞ்ச நேரத்தில் ஊறி இளகிவிடுகிறது, மீன் உறிஞ்சி உறிஞ்சித் தின்று பழகியது அந்த இளகிய உருண்டைகளைத்தான். நடுவில் ஒன்று மட்டும் கல் மாதிரி இருந்தால், அல்லது மற்றதெல்லாம் சுலபமாக மேலெழும்ப இது மட்டும் கனத்துக் கிடந்தால், சந்தேகம் வந்துவிடும். ஆக, முள்ளில் இருக்கிற இரை சுற்றிக் கிடக்கிற தீனி மாதிரியே இருக்க வேண்டும், அதே வேகத்தில் இறங்க வேண்டும், அதே இடத்தில் கிடக்க வேண்டும். இந்த மூன்றில் முதல் இரண்டை ஊறிய பெல்லட் பார்த்துக்கொள்ளும், மூன்றாவதைக் கோல் பார்த்துக்கொள்ளும். ரீல் வைத்து வீசுகிறவர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அங்கே கொஞ்சம் இங்கே என்று போடுவார். கோலில் நீளமும் மாறாது, நரம்பும் (தூண்டில் நூல்) மாறாது, நீங்கள் உட்கார்ந்த இடமும் மாறாது, அதனால் நாள் முழுக்க ஒரே தட்டு அகலத்துக்குள் இரையை இறக்க முடியும். பெல்லட்டில் ரகசியம் ஒன்றும் இல்லை, ரகசியமெல்லாம் அந்தத் தட்டு அகலத்தில் இருக்கிறது.

இப்போது தீவனம் ஏன் மிதக்கிறது என்பது. மிதக்கும் தீவனத்தைச் சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்து அச்சு வழியாகப் பிதுக்குகிறார்கள், வெளியே வந்ததும் உள்ளே இருக்கிற நீராவி சட்டென்று விரிந்து பொரி பொரிவது போல உப்பிவிடும். உள்ளே முழுக்கச் சின்னச் சின்னக் காற்று அறைகள். சும்மா தண்ணீரில் போட்டால் மேல்தோல் ஊறிக் கரைய ஆரம்பிக்குமே தவிர, உள்ளே இருக்கிற காற்று போகாது. அதனால்தான் உங்களுக்கு ஒரே பெல்லட் மிதக்கவும் செய்கிறது, கூழாகவும் ஆகிறது. காற்றை வெளியே எடுத்துவிட்டு அந்த இடத்தில் தண்ணீரை ஏற்ற வேண்டும். இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு பம்பு விற்கிறார்கள். நமக்கு மருந்துக்கடையில் கிடைக்கிற 60 மில்லி சிரிஞ்சு போதும், ஊசி வேண்டாம்.

செய்முறை இது. நாலு மில்லிமீட்டர் மிதக்கும் தீவனமாகப் பார்த்து வாங்குங்கள், சின்ன முள்ளுக்கு அந்த அளவு சரி. சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டு, கால் பங்கு பெல்லட் போட்டு, பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றித் தண்டைத் திரும்பச் செருகுங்கள். மூக்கை மேலே பிடித்து உள்ளே நிற்கிற காற்றைத் தள்ளி வெளியேற்றியதும், மூக்கை விரலால் இறுக்க அடைத்துக்கொண்டு தண்டைப் பின்னால் இழுத்துப் பிடியுங்கள். பெல்லட் ஒவ்வொன்றிலிருந்தும் நுரை மாதிரிக் குமிழி கிளம்புவது கண்ணுக்கே தெரியும். தண்டை மெதுவாக விட்டதும் காற்று இருந்த இடத்துக்குத் தண்ணீர் போய்விடும், மிதந்துகொண்டிருந்தவை ஒவ்வொன்றாகத் தலை கவிழ்ந்து இறங்கும். இரண்டு மூன்று முறை இழுத்தால் போதும். எல்லாமே சடாரென்று அடியில் போய் விழுகிற வரை இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள், அப்படிச் செய்தால் உடைந்து மாவாகும். பிறகு ஒரு டப்பாவில் அவை மூழ்குகிற அளவு தண்ணீரில் அரை மணி நேரம் விட்டுவிட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் அமுங்கிவிட்டுத் திரும்ப எழ வேண்டும். நசுங்கியே போனால் அதிகமாக இழுத்துவிட்டீர்கள், நடுவில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் இன்னும் ஒரு இழுப்பு தேவை. எல்லாத் தீவனமும் இதற்கு ஒத்துவராது. சிலவற்றில் பசைத்தன்மை குறைவு, என்ன செய்தாலும் உதிரும். சில்லறையாகக் கால் கிலோ வாங்கிச் சோதித்துப் பார்க்காமல் மூட்டையாக வாங்காதீர்கள்.

சேலத்து வெயிலில் இன்னொரு தொல்லை, ஊறிய பெல்லட் பத்து நிமிடத்தில் மேலே காய்ந்து தோல் கட்டிவிடும், திரும்ப மிதக்க ஆரம்பிக்கும். ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள், அல்லது தண்ணீரிலேயே கிடக்கட்டும். மிச்சமானதைச் சாயங்காலத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம், புளித்துப்போகும்.

புண்ணாக்கு பழகிய ஏரிக்கு வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இதற்கு நம் மாவட்டம் மாதிரி வசதி வேறெங்கும் கிடையாது, ஏனென்றால் நல்ல பசைக்கு மரவள்ளி மாவை மிஞ்சிய பொருள் இல்லை. சேகோ மில் (ஜவ்வரிசி ஆலை) இருக்கிற ஊரில் இருந்துகொண்டு மைதாவைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? ஸ்டார்ச் கிடைத்தால் அது, இல்லையென்றால் ஜவ்வரிசியை மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள். இரண்டு கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிளறினால் வெள்ளையாக இருந்தது கண்ணாடி மாதிரி ஆகி இழுபடும். அதில் சலித்த கடலைப் புண்ணாக்குத் தூள் ஒரு டம்ளரும் தவிடு கொஞ்சமும் போட்டு, சப்பாத்தி மாவை விட இளக்கமாகப் பிசைந்து, முறுக்கு அச்சில் தேன்குழல் தட்டைப் போட்டு இட்லித் தட்டில் பிழிந்து பத்து நிமிடம் ஆவியில் வேக வையுங்கள். ஆறியதும் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டினால் ரப்பர் மாதிரி மெத்தென்ற பெல்லட் தயார். முள்ளில் நிற்கும், ஜிலேபி இரண்டு முறை கொத்தினாலும் தாங்கும். வீட்டில் முறுக்கு அச்சு காணாமல் போன விஷயத்துக்கு நான் பொறுப்பில்லை.

வாசனை பற்றி ஆளுக்கொரு சூத்திரம் சொல்வார்கள். பெருங்காயம், ஏலக்காய், வனிலா எசன்ஸ், வெல்லம், சிலர் சாராயம் வரை போவார்கள். என் அபிப்பிராயம், ஒரு சிட்டிகைக்கு மேல் எதுவும் வேண்டாம். சுற்றிக் கிடக்கிற தீனி ஒரு வாசனை, முள்ளில் இருப்பது வேறு வாசனை என்றால் இவ்வளவு பாடுபட்டது எதற்கு? போடுவதானால் இரண்டிலும் போடுங்கள்.

கோலைப் பொறுத்தவரை ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்துக்காரர்கள் வைத்திருப்பது 13 முதல் 16 மீட்டர் வரை போகிற கோல், துண்டு துண்டாகக் கழற்றலாம், நுனித் துண்டுக்குள் ரப்பர் ஓடும். மீன் இழுத்தால் அந்த ரப்பர் நீண்டு கொடுக்கும். நுனிக்கும் தக்கைக்கும் நடுவில் நரம்பு கொஞ்சம்தான் இருக்கும், அதனால் நுனியில் ஒரு சின்னக் கிண்ணம் மாட்டித் தக்கைக்கு நேர் மேலேயே தீனியைக் கொட்டுவார்கள். உங்கள் கோலில் ரப்பர் இல்லை, நரம்பும் ஏறக்குறைய கோலின் நீளமே இருக்கும். ஆகவே கிண்ணத்தை நுனியில் கட்டினால் தீனி ஒரு இடத்தில் விழும், தக்கை வேறு இடத்தில் நிற்கும். கையால் தூவுங்கள். நாலரை மீட்டர் தூரம்தானே, ஈரமான தீனியைக் கோலிக்குண்டு அளவுக்குப் பிடித்து வீசினால் சரியாகப் போய் விழும்.

நரம்பு 0.18 அல்லது 0.20 மில்லிமீட்டர் தடிமன், முள்ளுக்குப் போகிற கடைசி ஒரு சாண் மட்டும் அதைவிட மெல்லியது, எங்கேயாவது மாட்டினால் அது மட்டும் அறுந்து தக்கை தப்பும். தக்கை பேனா ரீஃபில் மாதிரி ஒல்லியாக, அரை கிராமுக்கு மிகாத ஈயம் தாங்குவதாக இருக்கட்டும். கடையில் மயில்தோகைத் தண்டில் செய்தது கிடைத்தால் விடாதீர்கள். முள் மெல்லிய கம்பியாக இருக்க வேண்டும், தடித்த கம்பி பெல்லட்டைப் பிளந்துவிடும், கனத்தில் சடாரென்று இறங்கவும் செய்யும். பெல்லட்டின் ஓரத்தில் முள்நுனியை விட்டு, வளைவு போகிற போக்கிலேயே திருப்பித் திருப்பி மறுபக்கம் கொண்டுவாருங்கள், நுனி வெளியே தெரிய வேண்டும். கோத்ததும் காலடித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், சுழலாமல் மெதுவாக இறங்கினால் சரி.

ஆழம் பார்க்காமல் உட்காரவே கூடாது. முள்ளில் ஒரு கனத்த ஈயத்தை மாட்டி இறக்கி, தக்கையின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிகிற வரை தக்கையை நரம்பில் ஏற்றி இறக்குங்கள். பெல்லட் தரையைத் தொட்டும் தொடாமலும் கிடக்க வேண்டும், மிஞ்சிப்போனால் ஒரு அங்குலம் நரம்பு படுத்திருக்கலாம். பிறகு வலப்பக்கம் ஒரு முழம், இடப்பக்கம் ஒரு முழம் தள்ளியும் அதே ஆழம் இருக்கிறதா பாருங்கள். சரிவில் போட்டால் தீனி உருண்டு போய்விடும், மீன் அங்கே தின்றுகொண்டிருக்க நீங்கள் இங்கே காத்திருப்பீர்கள். கரையோரம் சமதரையாக ஒரு திட்டு கிடைத்தால் அன்றைக்கு அதுதான் உங்கள் இடம். மேட்டூரில் இது ரொம்ப முக்கியம். அணையின் முழு அளவு 120 அடி, ஆனால் வருஷத்தில் எத்தனை அடி ஏறி இறங்கும் என்று கணக்கே கிடையாது. தண்ணீர் வற்றினால் பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கிற ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் தலை காட்டும் இடம் அது. போன மாதம் பார்த்த ஆழத்தை நம்பிப் போய் உட்கார்ந்தால் முள் பழைய ஊர்க் கல்லில்தான் மாட்டும்.

தீனி போடுவதில்தான் பெரும்பாலானவர்கள் கெடுக்கிறார்கள். வந்ததும் ஒரு கிலோவைக் கொட்டிவிட்டு மீன் வரட்டும் என்று உட்காருவது. கெண்டைக்கு நம்மைப் போல இரைப்பை கிடையாது, தின்றது நேராகக் குடலுக்குப் போகும், அதனால் அது ஒரே அடியாகத் தின்று முடிக்காது, கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க மேயும். நீங்களும் அப்படித்தான் போட வேண்டும். தீனிக்கு முழு பெல்லட் வேண்டாம். ஊற வைத்துப் பிசைந்து, மாவுச் சல்லடையை விடப் பெரிய கண் உள்ள சல்லடையில் தேய்த்து எடுத்தால் காற்று போய் அப்படியே அடியில் இறங்குகிற குருணை கிடைக்கும். ஆரம்பத்தில் ஒரு கைப்பிடி, அப்புறம் ஒவ்வொரு முறை தூண்டில் இறக்கும்போதும் ஒரு சிட்டிகைக் குருணை, அதோடு ஐந்தாறு முழு பெல்லட். அவ்வளவுதான். கடி நின்றுவிட்டால் தீனியைக் கூட்டாதீர்கள், பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். கீழே கிடப்பது தீர்ந்தால்தான் உங்கள் முள்ளில் இருப்பதைத் தேடி வரும்.

தக்கையைப் படிக்கக் கொஞ்ச நாள் ஆகும். கெண்டை இனத்தில் மிர்காலும் சாதாக்கெண்டையும் தரையில் மேய்கிறவை. தலையைக் கீழே விட்டு வாலை மேலே தூக்கி மண்ணைக் கிளறும்போது தக்கைக்குப் பக்கத்தில் ஊசிமுனைக் குமிழிகள் கொத்தாக வரும். அப்போதே கையைக் கோலில் வையுங்கள், ஆனால் சுண்டாதீர்கள். மீனின் உடம்பும் துடுப்பும் நரம்பில் உரசும், தக்கை சாயும், நடுங்கும், பாதி அமுங்கி எழும், இதெல்லாம் கடி இல்லை. அந்த நேரம் சுண்டினால் செதிலில் மாட்டி வரும், கூட்டமும் கலைந்துபோகும். உண்மையான கடி தக்கையை நிதானமாக, சாய்வாகக் கீழே கொண்டுபோகும், அல்லது மீன் இரையோடு ஈயத்தையும் தூக்குவதால் தக்கை இயல்பை விட ஒரு அங்குலம் மேலே எழும்பி நிற்கும். இரண்டுக்கும் மணிக்கட்டு அளவு சுண்டு போதும். ரோகு நடுத்தண்ணீர் மீன், தரைக்கு ஒரு சாண் மேலே தூக்கி வைத்தால் கிடைக்கும். கட்லாவை இந்த முறையில் தேடாதீர்கள். அதன் வாய் மேல்நோக்கியது, மேல்தண்ணீரில் மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்கிற மீன், அதற்குக் கரைந்து புகையாகப் பரவுகிற தவிட்டு உருண்டைதான் சரி.

ஜிலேபி. இதற்கு மருந்து கிடையாது, சமாளிப்பு உண்டு. 1952-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன், இப்போது அது இல்லாத குட்டையே இல்லை. டக் டக் டக் என்று தக்கை குதித்துக்கொண்டே இருக்கும், தூக்கினால் வெறும் முள். அது பெரும்பாலும் பாதித் தண்ணீரிலேயே இறங்குகிற தீனியை மறிக்கும். ஆகவே குருணையை இறுக்கிப் பிடித்து உருண்டையாகப் போடுங்கள், நேராக அடிக்குப் போகட்டும். முள்ளில் ஸ்டார்ச் போட்டு வேகவைத்த பெல்லட்டாக, பெரிய துண்டாக வையுங்கள். அப்படியும் விடவில்லை என்றால் அரை மணி நேரம் ஜிலேபியையே பிடியுங்கள், குழம்புக்கு என்ன குறைச்சல்?

ரீல் இல்லாமல் பெரிய மீனை எப்படி அடக்குவது என்ற பயம் வேண்டாம். கோலை எப்போதும் நிமிர்த்தியே பிடிக்க வேண்டும், வளைவுதான் உங்கள் ரப்பர். மீன் வெளியே ஓடும்போது பதறிக் கோலை அது போகிற பக்கம் நீட்டிவிட்டால் வளைவு போய்விடும், நரம்பு பட்டென்று அறும். எதிர்ப்பக்கமாகச் சாய்த்து வட்டமாகச் சுற்ற விடுங்கள், கூடவே கரையில் இரண்டு அடி நடங்கள். ஒன்றரை இரண்டு கிலோ வரை இந்தக் கோல் தாங்கும். கடைசியில் கோலைப் பிடித்து மீனை மேலே தூக்கவே கூடாது, கைப்பிடி போட்ட வலையால் அள்ளுங்கள். அதற்கு மேல் பெரியது மாட்டினால் அறுத்துக்கொண்டு போகட்டும், கோல் மிஞ்சும்.

இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: இந்தக் கோல்களில் பல கார்பன், கார்பனில் மின்சாரம் பாயும். கரைக்கு மேலே மின்கம்பி போகிற இடத்தில் கோலை நீட்டவே நீட்டாதீர்கள், உரச வேண்டியதுகூட இல்லை, உயர் அழுத்தக் கம்பிக்குப் பக்கத்தில் போனாலே தாவும். இடி மின்னல் ஆரம்பித்தால் கோலைக் கீழே போட்டுவிட்டு நகருங்கள். ஆடிக்காற்றில் மேட்டூர்ப் பக்கம் கோலே நிற்காது, அந்த மாதங்களில் காற்று மறைவான சின்னக் குட்டைகள்தான் சுகம்.

எங்கே போனாலும் முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். ஊர் ஏரிகளில் மீன் ஏலம் எடுத்தவருடையது, மூக்கனேரியோ பனமரத்துப்பட்டியோ எதுவானாலும் கரையில் இருக்கிறவர்களிடம் விசாரித்தால் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார்கள். மேட்டூரில் மீன்பிடிப்பு மீன்வளத் துறையின் கையில், அங்கே அனுமதி இல்லாமல் உட்கார வேண்டாம். சாயத் தண்ணீர் கலக்கிற திருமணிமுத்தாற்றுப் பக்கம் மீன் கிடைத்தாலும் சமைக்கிற எண்ணம் வேண்டாம்.

கடைசியாக ஏற்காடு. ஏரியில் படகு விடுகிறார்கள், கரையில் கூட்டம், அங்கே தூண்டிலைப் பிரிப்பதற்கு முன் படகுத்துறையில் கேளுங்கள். எஸ்டேட்டுக்குள் தெரிந்தவர் குட்டை இருந்தால் அது இன்னும் நல்லது. மலைத் தண்ணீர் குளிர்ச்சி, ரோகுவுக்கும் கட்லாவுக்கும் பசி மந்தமாகிவிடும், சாதாக்கெண்டைதான் குளிரைத் தாங்கி மேயும். 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குத்தான் அதை முதலில் கொண்டுவந்தார்கள், மலைத் தண்ணீருக்கென்றே வந்த மீன். அங்கே, கீழே சேலத்தில் போடுகிற தீனியில் கால்வாசி போதும், ஒரு முறைக்கு மூன்று நான்கு பெல்லட், எண்ணெய் பிசுக்கு இல்லாத தீவனமாகப் பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் போய் நடுங்கிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை, வெயில் ஏறி மேல்தண்ணீர் கொஞ்சம் சூடான பிறகு, பத்து மணிக்கு மேல் போனால் போதும். கீழே சேலத்தில் சித்திரை, வைகாசியில் இதற்கு நேர் எதிர், எட்டு மணிக்குள் முடித்துக்கொண்டு கோலை மடக்கிவிடுங்கள்.